பாடும்போது தெரியும் பல்

ஈப்போவில் நான் வேலை பார்த்த பல் கிளினிக்கில், "பல்லுக்கு மேல மாட்ட எந்தக் கேப் நல்லது டாக்டர்?" என்று யார் கேட்டாலும் டாக்டரிடமிருந்து நேரான பதில் வராது. சக்கரம் வைத்த ஸ்டூலை முன்னால் உருட்டிக்கொண்டு வந்து உட்காருவார். "நேத்து என்னா பசியாறுனீங்க?" என்று கேட்பார்.

வந்தவர் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன், சொல்லுங்கள் என்று.

"ரொட்டி சானாய்."

"மத்தியானம்?"

"சோறு, ஆட்டெலும்புக் குழம்பு."

"எலும்ப எந்தப் பக்கம் வச்சுக் கடிப்பீங்க? கடிச்சுத் துப்பிடுவீங்களா, சப்பித் தூளாக்கிடுவீங்களா?"

சீனர்களிடம் கண்டனீஸில் கேட்பார், மலாய்க்காரர்களிடம் மலாயில். கேள்வி மட்டும் மாறாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வார். அதற்குள் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும்.

நான் அவர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவள். கருவிகளைக் கழுவி அடுக்குவதும், பல் அச்சுக்கு மாவு கலப்பதும், நோயாளிகளுக்குப் போன் போடுவதும் என் வேலை. அவரைவிடச் சில வயது மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் எப்போதும் டாக்டர்தான்.

அவருடைய அப்பா, அவர் அத்தா என்று கூப்பிடுகிறவர், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் டாக்டர் நேராகக் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். பாடப் புத்தகம் மடியில் திறந்திருக்கும். கண் சாப்பிடுகிறவர்களின் வாயில் இருக்கும். யார் இடப்பக்கம் மட்டும் மெல்கிறார்கள், யார் ஐஸ் கட்டியை நொறுக்குகிறார்கள், யார் இறைச்சியைப் பிய்த்து ஓரமாக ஒதுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். "சாப்புடுறவங்க வாயப் பாக்காதம்மா, அவங்களுக்குச் சோறு எறங்காது" என்று அத்தா திட்டியிருக்கிறார். அந்தத் திட்டு அவரிடம் எடுபடவில்லை. பல் டாக்டராகி, சொந்த கிளினிக் வைத்த பிறகும் அதே பார்வைதான். வேறு யாருடைய பார்வையும் மனிதரின் கண்ணில் போய் நிற்கும். அவருடையது அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாருக்கும் சுலபமாக இல்லை. கல்யாண வீடுகளில் தெரிந்தவர்கள்கூட இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவார்கள். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர் சந்தையில் வணக்கம் சொன்னால் யார் என்று தெரியாமல் விழிப்பார். அந்த ஆள் சிரித்தால்தான் முகம் மலரும். "ஆ, நீங்களா அண்ணே" என்பார்.

ஒருமுறை அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பினாங்கில் இஞ்சினியர், நல்ல குடும்பம். அத்தாவின் கடை மாடியிலேயே பிரியாணி பரிமாறியிருக்கிறார்கள். எல்லாரும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்து, "வலப்பக்கம் கீழ ஒரு பல்லு வலிக்குதுல்ல உங்களுக்கு? எத்தனை மாசமா?" என்று கேட்டுவிட்டார். கைகளெல்லாம் தட்டில் அப்படியே நின்றுவிட்டன என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சம்பந்தம் அத்தோடு போயிற்று. ஆனால் அடுத்த வாரம் மாப்பிள்ளை மட்டும் தனியாக கிளினிக்குக்கு வந்தார். பல்லுக்காக. வேர் சிகிச்சை முடியும் வரைக்கும் நான்தான் குழாய் பிடித்தேன். இரண்டு பேரும் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள் கதவருகில் நின்று, "நீங்க சொன்னது சரிதான்" என்றார் அவர்.

"எது?" என்றார் டாக்டர்.

"பல்லு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பி வைத்திருந்தார். அதில் மாதிரிக்காகச் சில பல் உறைகள் கிடக்கும். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட வருகிறவர்களின் உள்ளங்கையில் அவற்றை ஒவ்வொன்றாக வைப்பார்.

"இது முழுக்க உலோகம். மெல்லிசா செய்யலாம், அதனால பல்ல அதிகமா வெட்ட வேணாம். உடையாது. பாக்கத்தான் அழகில்ல. இது உள்ள உலோகம், மேல பீங்கான். வீட்டுல பழைய மங்குத் தட்டு பாத்திருப்பீங்கல்ல, கீழ போட்டா வெள்ளை பேந்துகிட்டுக் கறுப்பு தெரியும், அது மாதிரி ஒரு நாளைக்கு ஓரம் பேரலாம். இது சிர்கோனியா. முழுக்க வெள்ளை, நல்ல உறுதி. ஆனா சரியா மெருகு போடாம விட்டா எதிர்ப் பல்லத் தேச்சுரும். இது தங்கம் கலந்தது. எதிர்ப் பல்லுக்கு இத மாதிரி கூட்டாளி கெடையாது. வெலையச் சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்க."

"நீங்களா இருந்தா எதப் போடுவீங்க டாக்டர்?" என்று கேட்பார்கள்.

"நான் எலும்பு கடிக்க மாட்டேன். என் வாயிக்கு நல்லது உங்க வாயிக்கு நல்லதுன்னு எப்படிச் சொல்றது?"

ஒரு மலாய் ஆசிரியை, செலவு குறைவு என்று உலோகத்தையே கேட்டார். டாக்டர் அவர் காதைப் பார்த்தார். தோடு இல்லை. "மலிவுத் தோடு போட்டா அரிக்குமா?" என்று கேட்டார். அரிக்கும், புண்ணாகும் என்றார் அந்த அம்மா. உடனே உலோக உறையை டப்பிக்குள் போட்டு மூடிவிட்டார். அதே உலோகம் வாயிலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று விளக்கிய பிறகு, அந்த அம்மா சிர்கோனியா போட்டுக்கொண்டு போனார்.

இப்படிக் கேட்டுக் கேட்டு முடிவு செய்வதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. நானும் அவரை நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிய வந்தது, ஒரு லாரி டிரைவர் அண்ணனால்தான்.

அந்த அண்ணன் கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் காய்கறி இறக்குகிறவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில், நான் பிறந்த லயத்துக்கு இரண்டு லயம் தள்ளிப் பிறந்தவர். மேல் வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்து வந்தார். டாக்டர் வேர் சிகிச்சை செய்து, பிளாஸ்டிக்கில் ஒரு தற்காலிக உறை போட்டுவிட்டார். நிலையான கேப் எதில் செய்வது என்று பேச அவரை மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்.

வழக்கமான கேள்விகள் வந்தன. அண்ணன் எலும்பு கடிப்பார், ஐஸ் கடிப்பார், வறுத்த கடலை கொறிப்பார். மலைப்பாதையில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டுகிறவர். தூக்கத்திலும் பல் நறநறக்கிறது என்று சம்சாரம் சொல்வதாகச் சொன்னார். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பற்களின் முனையெல்லாம் தேய்ந்து மொட்டையாக இருந்தது. உடைந்த பல் மிகவும் குட்டை.

"உங்களுக்கு முழு உலோகம்தாண்ணே" என்றார் டாக்டர். "இந்தப் பல்லு குட்டையா இருக்கு. வெள்ளைக் கேப் தடிமனா இருக்கும். அதுக்கு எடம் விட கடிக்கிற பக்கத்துல இன்னும் வெட்டணும். வெட்டுனா கேப் புடிச்சு நிக்கப் பல்லு இருக்காது, கழண்டுரும். உலோகம் மெல்லிசு. ஒங்க கடிக்கும் தாங்கும்."

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு வெள்ளைதான் வேணும்."

"கடவாய்ப் பல்லுதானே அண்ணே. யாரு பாக்கப் போறா?"

"டாக்டர், எஸ்டேட்டுக்காரன்னா இரும்பு போதும்னு நெனைக்கிறீங்களா?"

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது இன்னும் சுருக்கென்று தைத்தது. அண்ணன் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தானே அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அன்று மத்தியானம் டாக்டர் சாப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரு ஏன்கா கோவப்பட்டாரு? நான் நல்லதத்தானே சொன்னேன்."

"நல்லதுதான் டாக்டர். ஆனா எங்க தோட்டத்துல பல்லு வலின்னா ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர்கிட்டப் போவோம். அவரு புடுங்கிருவாரு. அடைக்கிறது, கட்டுறது எல்லாம் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வீட்டுப் புள்ளைங்களுக்கு. அந்தண்ணனோட அம்மா வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கும். நானே பாத்திருக்கேன். இன்னிக்கு அவரு சொந்தமா லாரி வச்சிருக்காரு. நீங்க எடுத்ததும் இரும்புன்னா, அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

"நான் இரும்புன்னு சொல்லவே இல்ல."

"அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கு. அதோட அவரு பாடுறவரு டாக்டர். தைப்பூசத்துல காவடிக்கு முன்னால பாடுவாரு. வருசா வருசம் அவரு பாட்டுக்குத்தான் பையனுங்க ஆடுவானுங்க. வாயத் தொறந்தா அந்தப் பல்லு தெரியுமோ என்னவோ."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "பாடுறாரா? ஏன்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சாப்பாட்ட மட்டும்தானே கேட்டீங்க."

அவர் பொட்டலத்தை மூடினார். இத்தனை காலம் வாயைப் பார்த்தவருக்கு, வாய் மெல்லுவதற்கு மட்டும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு நான் போன் போட்டேன். எடுக்கவில்லை. தினமும் போட்டேன். டாக்டருக்கு உள்ளூர பயம் இருந்தது. வேர் சிகிச்சை செய்த பல் காய்ந்த குச்சி மாதிரி. பிளாஸ்டிக் உறை நாள்பட்ட கடியைத் தாங்காது. அது போய்ப் பல் நடுவே பிளந்துகொண்டால், பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. தோட்டத்து டிரெசர் செய்ததையே தானும் செய்ய வேண்டி வரும் என்பதுதான் அவரை அரித்தது. வாயைத் திறந்து அதை அவர் சொல்லவில்லை. ஆனால் காலையில் வந்ததும், "அண்ணன் எடுத்தாராக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

தைப்பூசம் வந்தது. புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கோயில் வரைக்கும் சாலை முழுக்கக் காவடிகள். டாக்டருடைய அத்தா ஒவ்வொரு வருடமும் சாலையோரத்தில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ரோஸ் சிராப் கலந்து கொடுப்பார். டாக்டர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த வருடம் காலையிலேயே தலைமுடி மறைய தூடோங் துணி கட்டிக்கொண்டு அத்தாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

அண்ணன் வந்தார். மஞ்சள் வேட்டி, கையில் மைக். பின்னால் உறுமி அடித்துக்கொண்டு பையன்கள். அவருடைய குரல் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மேல் ஸ்தாயியில் ஏறும்போது தலையைப் பின்னால் சாய்த்து வாயை முழுக்கத் திறந்தார். டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். அவர் நகர நகர இவரும் சாலையோரமாகவே நடந்தார். சுற்றி இருந்தவர்கள் காவடியைப் பார்த்தார்கள். டாக்டர் ஒரே ஒரு பல்லைப் பார்த்தார்.

"தெரியுதுக்கா" என்றார் திரும்பி வந்து. மூச்சு வாங்கியது. "கன்னத்துப் பக்கம் நல்லாவே தெரியுது. கடிக்கிற பக்கம் தெரியல. தலையச் சாய்ச்சாலும் தெரியல."

அண்ணன் அவரைப் பார்த்துவிட்டிருந்தார். ஓய்வுக்கு மேளம் நின்றபோது எங்கள் மேசைக்கு வந்தார். அத்தா ஒரு கோப்பை சிராப்பை நீட்டினார். அதைக் குடித்துவிட்டு, "தைப்பூசத்துலயும் வாயத்தான் பாக்குறீங்களா டாக்டர்?" என்றார்.

"ஆமாண்ணே. நீங்க சொன்னது சரி. பல்லு தெரியுது. நான் பாக்காமப் பேசிட்டேன்."

அண்ணன் கோப்பையை மேசையில் வைத்தார். தாம் எதிர்பார்த்தது வேறு ஏதோ பேச்சு என்பது முகத்தில் தெரிந்தது.

"இத்தன கூட்டத்துல அதுக்காகவா வந்தீங்க?"

"அதுக்காகத்தான். திங்கக்கிழமை வாங்க. பிளாஸ்டிக் கேப்போட ரொம்ப நாள் இருக்காதீங்க, பல்லு போயிரும்."

"என் மவ எப்பவும் இப்படித்தான் தம்பி" என்றார் அத்தா. "நான் சின்ன வயசுலேருந்து சொல்றேன், கேக்காது."

அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார். உறுமி மறுபடியும் தொடங்கியது.

திங்கட்கிழமை அவர் வந்தபோது டாக்டர் டப்பியைத் திறக்கவில்லை. ஒரு தாளில் பல்லை வரைந்தார். வெளிப்பக்கம், அதாவது கன்னத்தை ஒட்டிய பக்கம், வெள்ளைப் பீங்கான். கடிக்கிற பக்கமும் உள்பக்கமும் மெல்லிய உலோகம். கடிக்கிற பக்கத்தில் அதிகம் வெட்ட வேண்டியதில்லை, அதனால் கேப் நிற்கப் பல் மிஞ்சும். பாடும்போது தெரிகிற இடம் வெள்ளையாக இருக்கும்.

"இது பழைய மொறைதாண்ணே. இப்ப அதிகமா யாரும் கேக்குறதில்ல. ஆனா உங்க வாயிக்கு இதுதான் சரி."

"உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாதா?"

"கீழ்ப் பல்லுக்கு மட்டும் தெரியும். அது யார்கிட்டயும் சொல்லாது."

அண்ணன் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "ஒடையுமா?"

"உலோகம் உடையாது. வெள்ளை ஓரம் என்னிக்காவது பேரலாம். பேராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பல்லு நறநறக்காம இருக்க ஒரு கவசம் செஞ்சு தாரேன், அதப் போட்டுக்கிட்டுத் தூங்கணும். ஐஸ் கடிக்கக் கூடாது."

"எலும்பு?"

"எலும்பக் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. கொறைச்சுக்குங்க."

"சரி" என்றார் அண்ணன். "செய்ங்க."

பல் செய்து தரும் லேபிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள், முழு சிர்கோனியா சீக்கிரம் முடியுமே என்று கேட்டார்கள். டாக்டர் இரண்டு தடவையும் அதே பதிலைச் சொன்னார். கேப் வந்ததும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளையின் நிறம் பக்கத்துப் பல்லோடு சேரவில்லை என்று திருப்பி அனுப்பினார். கடைவாய்ப் பல்லுக்கு நிறம் சேரவில்லை என்று அவர் திருப்பி அனுப்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொருத்துகிற நாளில் கிளினிக் நிறைய ஆட்கள். ஒட்டுவதற்கு முன் கேப்பைப் பல்லில் மாட்டி, கடிக்கச் சொல்லி, கறுப்புத் தாள் வைத்து உயரம் பார்த்து, உரசிய இடத்தைத் தேய்த்தார். எல்லாம் சரி. நான் ஒட்டும் பசையைக் கலக்கப் போனேன். டாக்டர் கை காட்டி நிறுத்தினார்.

"பாடுங்கண்ணே."

"இங்கயா?"

"இங்கதான். ஒட்டிட்டா மாத்த முடியாது."

அண்ணன் கூச்சத்தோடு மெதுவாக ஒரு முருகன் பாட்டை எடுத்தார். டாக்டர் தலையை ஆட்டினார். "இது பத்தாது. ரோட்டுல பாடுனீங்கல்ல, அப்படி."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வரி மேலே போனது. பல் நாற்காலியில் பாதி படுத்தபடி, கழுத்தில் பச்சைத் துணியோடு, அந்தச் சின்ன அறை அதிரும்படி பாடினார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. ஒரு சீனக் கிழவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் வலப்பக்கம் போனார், இடப்பக்கம் வந்தார், முட்டி போட்டுக் கீழேயிருந்து பார்த்தார். பாட்டு முடிந்தும் உடனே எழவில்லை.

"எப்படி டாக்டர்?" என்றார் அண்ணன்.

"பல்லு நல்லாருக்கு" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டும்தான்" என்றார். அவர் வாயிலிருந்து பல்லைத் தவிர வேறொன்றுக்குப் பாராட்டு வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவருடைய கேள்விகள் கூடிப்போயின. என்ன சாப்பிடுவீர்கள் என்பதோடு, பாடுவீர்களா, வகுப்பில் பாடம் நடத்துவீர்களா, சத்தமாகச் சிரிப்பீர்களா என்றும் கேட்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் நேரம் இழுத்தது. வெளியே காத்திருப்பவர்கள் முனகினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

பிறகு அவர் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனார். இந்த மாப்பிள்ளை அவர் முன்னால் தைரியமாகச் சாப்பிடுகிறவர் என்று அத்தா சொன்னார். ஈப்போ கிளினிக்கை வேறொருவர் எடுத்துக்கொண்டார். நான் சிம்பாங் பூலாய்ப் பக்கம் இன்னொரு கிளினிக்கில் சேர்ந்தேன்.

போன மாதம் அந்த அண்ணன் அங்கே வந்தார். முடி நரைத்திருந்தது, லாரியை மகன் ஓட்டுகிறானாம். பல் சுத்தம் செய்ய வந்தவரின் வாயைப் பார்த்துவிட்டு எங்கள் புது டாக்டர், "இந்தக் கேப் பழைய மாடலா இருக்கே அங்கிள். வெள்ளை ஓரத்துல லேசாப் பேந்திருக்கு. எடுத்துட்டுப் புதுசா சிர்கோனியா போட்டுரலாமா?" என்று கேட்டார்.

"வேணாம். மெருகு மட்டும் போட்டுவிடுங்க" என்றார் அண்ணன். "இது ரோட்டுல என் கூடவே நடந்து வந்து பாத்துட்டு செஞ்சது."

புது டாக்டருக்குப் புரியவில்லை. மெருகு போட்டு அனுப்பினார்.

வெளியே வந்ததும் அண்ணன், "அந்த டாக்டர் எப்படி இருக்காங்க? நல்லாப் பாடுறேன்னு சொல்லுங்க" என்றார். நான் கைப்பேசியை எடுத்து, அவரை நன்றாக வாயைத் திறக்கச் சொல்லி, அந்தப் பல்லைப் படம் பிடித்து ஜொகூருக்கு அனுப்பினேன். அண்ணன் நலமாக இருக்கிறார், உங்களை விசாரித்தார் என்றும் எழுதினேன்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதே பதில் வந்துவிட்டது.

"கீழ்ப் பல்லு தெரியலக்கா. அதையும் படம் எடுத்து அனுப்புங்க, தேஞ்சிருக்கான்னு பாக்கணும்."

நான் அண்ணனைக் கூப்பிட்டு மறுபடியும் உட்காரச் சொன்னேன்.